பத்தாவது வரிசைக்குக் கேட்பது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். நீ, உன் மனைவி, குட்டி மூவரும் நலமா? குட்டிக்கு இருமல் நின்றதா?

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ பாதியில் "ஒரு நிமிஷம்க்கா" என்று வைத்துவிடுவாய். என் கோபம் ஒரு நிமிஷத்தில் முடிகிற கோபம் இல்லை.

எங்கள் இசைக்குழு அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. காற்று வாத்தியக்காரர்கள் எல்லாரும் வீட்டில் வாசித்து, பதிவு செய்து, பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு ஏப்ரல் முதல் வாரத்துக்குள் தர வேண்டுமாம். கமிட்டி அதைக் கேட்டு நாற்காலிகளை "மறுசீரமைப்பு" செய்யுமாம். பதினெட்டு வருஷமாக முதல் கிளாரினெட் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கு இப்போது பரீட்சை! மேனேஜரிடம் நேரே போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் மேடம், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று கணினியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். எல்லாருக்குமாம்! வயலின்காரர்கள் என்ன, வாத்தியம் வாசிக்காமல் பல்லாங்குழியா ஆடுகிறார்கள்?

எனக்குக் காரணம் தெரியும். ஒத்திகைக் கூடத்தின் பின்பக்கப் படிக்கட்டில் மூன்றாவது படி உடைந்து ஆடுகிறது, யாராவது விழுந்து தொலைப்பார்கள் என்று நவம்பரில் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் சண்டைக்காரி.

மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்றுகூட அவர்களே சொல்லிவிட்டார்கள். கருவியின் கீழ்வாயிலிருந்து ஓர் அடிக்குள். என்ன மைக் வாங்குவது என்று எனக்குத் தெரியாது. ஒலிப்பதிவுக்காரனை உடன்பிறப்பாகப் பெற்றதற்கு ஒரு பலனாவது இருக்கட்டும். ஏதாவது அனுப்பு.

அக்கா.

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குட்டி இருமலை என்னிடம் கொடுத்துவிட்டு ஜம்மென்று ஓடுகிறாள்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷம் காதால் கேட்டவர்களுக்கு இப்போது மெமரி கார்டில் கேட்டால்தான் தெரியுமா?

பார்சலில் என் மைக் ஒன்று வருகிறது, சின்னப் பதிவுப் பெட்டியோடு. டப்பிங்குக்கு நான் தினமும் வைத்திருப்பது. உனக்குத்தான் தெரியுமே, நான் பேச்சுக்காரன். காலையில் போனால் மாலை வரை யாராவது ஒரு நடிகரின் வாய்க்குள் குடியிருந்து, எங்கே "ச" சீறுகிறது, எங்கே "ஷ" சீறுகிறது என்று தேடித் தேடி வெட்டுவதுதான் என் பிழைப்பு. வாத்தியம் பதிந்து பழக்கமில்லை. ஆனால் சத்தம் சத்தம்தானே? அவர்கள் சொன்னபடியே கீழ்வாய்க்கு நேராக வைத்துவிடு.

இன்னொன்று. போன வாரம் ஒரே நாளில் மூன்று தடவை போன் அடித்தேன். மூன்று தடவையும் மாமாதான் எடுத்தார். மூன்று தடவையும் "அக்கா குளிக்கிறா மாப்ள" என்றார். அப்படி என்ன குளியல்?

தம்பி.

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி. என் குளியலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் மைக்கைப் பற்றிப் பேசுவோம். சத்தம் சத்தம்தானே என்று எழுதினாயே, உனக்கு யாரடா இந்த வேலையைக் கொடுத்தார்கள்? கிளாரினெட் என்ன புனலா, மேலே ஊதினால் கீழே கொட்டுவதற்கு? எல்லாத் துளைகளையும் மூடி வாசிக்கிற அடிமட்ட ஸ்வரம் மட்டும்தான் கீழ்வாய் வழியாக முழுசாக வரும். மற்றதெல்லாம் எந்தத் துளை திறந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் வெளியே வரும். உடம்பு முழுக்க வாய் அதற்கு. நீ காலடியில் போய் மைக்கை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? அடி ஸ்வரம் வந்தால் லாரி ஹாரன் மாதிரி முழங்குகிறது, அடுத்த ஸ்வரத்துக்கு ஏறினால் நான் பக்கத்து வீட்டுக்குப் போய் வாசிப்பது போல இருக்கிறது. நடுநடுவே துளைகளை மூடித் திறக்கிற கீ எல்லாம் டக்டக்கென்று, யாரோ டைப் அடிப்பது போல.

பாவம் உன் மாமா, பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்துக் கொட்டக் கொட்ட, தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷரின் வேர்வைக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

இந்தச் சுற்றறிக்கையை எழுதியவனும் உன்னைப் போலத்தான். கிளாரினெட்டைப் படத்தில் பார்த்திருப்பான். கார்டை அனுப்பியிருக்கிறேன், கேட்டுவிட்டு வெட்கப்படு. வேறு மைக் அனுப்பு.

அக்கா.

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கேட்டேன், வெட்கப்பட்டேன். போதுமா?

நீ சொன்னது அத்தனையும் சரி. லாரி ஹாரனைக் கேட்டுவிட்டு என் பெண்டாட்டி, "இதுவா உங்க அக்கா? யாரோ உங்க அக்காவ டிரம்முக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு" என்றாள். ஸ்டுடியோவில் வாத்தியம் பதிகிற நண்பனிடம் கேட்டு ஒரு ரிப்பன் மைக் இரவல் வாங்கி அனுப்பியிருக்கிறேன். கூர்மையான சத்தங்களை அது கொஞ்சம் மழுக்கித் தரும். கீ சத்தம் குறையும். கீழ்வாயை மறந்துவிடு. துளைகளுக்கு நேராக, நடு உடம்பைப் பார்த்து வை. அந்த ஓர் அடிக் கணக்கையெல்லாம் நாம் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஒவ்வொரு பதிவையும் முதல் ஸ்வரத்தில் தொடங்கி கடைசி ஸ்வரத்தில் கத்தி போட்டதுபோல வெட்டி அனுப்புகிறாய். முன்னும் பின்னும் கொஞ்சம் விட வேண்டும் அக்கா, அறையின் சத்தம் எனக்கு வேண்டும். இரண்டு, மேல் ஸ்வரங்களில் புஸ் என்று ஒரு காற்று கூடவே வருகிறது. வாயில் வைக்கிற அந்த நாணல் ரீடு பழசா?

மாமா இன்னும் போனை உன்னிடம் தரமாட்டேன் என்கிறார். இந்தத் தடவை நீ கோயிலுக்குப் போயிருந்தாயாம். நீயா!

தம்பி.

பிப்ரவரி 27

தம்பிக்கு,

நலம்.

ரீடு புதுசு. போன மாதம் பிரித்த பெட்டி. காற்றும் இல்லை கீற்றும் இல்லை. நாள் முழுக்கக் கண்டவர்கள் வாயைக் கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுப்போயிருக்கிறது. ஒரு டாக்டரைப் பார்.

உன் ரிப்பன் மைக் வந்தது. அதில் என்னைக் கேட்டேன். நான் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு வாசிக்கிறேன். மேல் ஸ்வரத்தில் ஒரு பளபளப்பு இருக்குமே, அதற்காகத்தானே இத்தனை வருஷம் உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டேன், அதை வழித்து எடுத்துவிட்டது. இதை அனுப்பினால் கமிட்டி என்னைக் கடைசி நாற்காலியில்கூட உட்கார வைக்காது. அந்த மேனேஜர் சிரிப்பான். அவன் சிரிப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கு வேண்டியது இதுதான். பளபளப்பைக் கேட்க வேண்டும், கீயைக் கேட்கக் கூடாது, நீ சொல்கிற அந்தக் காற்றையும் கேட்கக் கூடாது. அப்படி ஒரு மைக் அனுப்பு. நாள் நெருங்குகிறது.

வெட்டுவதை நான் வெட்டத்தான் செய்வேன். என் வீட்டு அறையின் சத்தம் உனக்கு எதற்கு?

அக்கா.

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

காற்றைக் கேட்கக் கூடாது, கீயைக் கேட்கக் கூடாது, உன் நல்லதை மட்டும் கேட்க வேண்டும். அதற்குப் பெயர் மைக் இல்லை அக்கா. அதற்குப் பெயர் மாமா.

கோபித்துக்கொள்ளாதே. கடைசி முயற்சியாக ஒரே மாதிரி இரண்டு மைக் அனுப்புகிறேன். சத்தத்தைத் துல்லியமாகப் பிடிக்கிறவை, எதையும் பூசி மெழுகாதவை. உன் இடது கைப்பக்கம் ஒன்று, வலது கைப்பக்கம் ஒன்று, இரண்டும் உன் மார்பு உயரத்தில், துளைகளைப் பார்த்தபடி. கார்டு வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் குட்டியை விசாரிக்கவே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தம்பி.

மார்ச் 18

அக்கா,

கார்டு வந்தது. கூடக் கடிதம் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

முதல் மூன்று பதிவும் வழக்கம்போல் கத்தி போட்டு வெட்டியவை. நான்காவதை வெட்ட மறந்துவிட்டாய். கடைசி ஸ்வரம் முடிகிறது, ஒரு கீ டக்கென்கிறது, பிறகு நீ மாமாவிடம் கத்துகிறாய். "ச்சே! சனியன், சரியா வருதா பாரு!" மூன்று "ச" இருக்கிறது அதில். மூன்றும் விசில் அடிக்கிறது.

நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உனக்கு நாற்பத்தாறு வயசு. உன் "ச"வை நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். அதில் எனக்கு விழாத திட்டு இல்லை. இது உன் "ச" இல்லை.

பிறகு மைக்கை ஒவ்வொன்றாகக் கேட்டேன். வலது பக்க மைக்கில் காற்று ஏறக்குறைய இல்லை. இடது பக்கத்தில் புஸ் புஸ் என்று அடைமழை. ரீடிலிருந்து வந்தால் இரண்டு பக்கமும் வந்திருக்கும். அது உன் வாயின் இடது ஓரத்திலிருந்து வருகிறது. வாயைக் கோணிக்கொண்டு வாசிக்கிறாய். உன் முன்பல்லுக்கு என்ன ஆயிற்று?

இப்போதுதான் புரிகிறது, ஏன் கடிதம், ஏன் ஓயாத குளியல், ஏன் கோயில். ஊரில் எவன் பல் எங்கே இடறுகிறது என்று கேட்டுச் சொல்கிறவன் நான். உனக்கு மட்டும் நான் செவிடனாக இருக்க வேண்டுமா? என்னைவிட ஒரு தபால்காரர் உனக்கு நெருக்கமாகிவிட்டாரா? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இன்றைக்கே வண்டி ஏறி வந்து கதவைத் தட்டியிருப்பேன். படம் ஒன்று முடிகிற நேரம், விடமாட்டேன் என்கிறார்கள்.

உடனே எழுது. இல்லாவிட்டால் மாமாவை அழ வைத்துக் கேட்பேன். உனக்குத் தெரியும், அவர் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கமாட்டார்.

தம்பி.

மார்ச் 24

தம்பிக்கு,

மாமாவை விடு. அவர் பொய் சொல்லிச் சொல்லி இளைத்துப்போயிருக்கிறார்.

டிசம்பரில் விழுந்தேன். எங்கே என்று கேட்காதே, உனக்கே தெரியும். கையில் கிளாரினெட் பெட்டி. அதைக் காப்பாற்ற இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன், முகம் கைப்பிடிக் கம்பியில் போய் அடித்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது, மீதிப் பாதி ஆடுகிறது. நாங்கள் கருவியின் முனையை வைத்து அழுத்துவது அந்தப் பல்லின் மேல்தான். இப்போது மேலுதட்டை உள்ளே மடித்து, முனையை வலப்பக்கம் ஒதுக்கி வாசிக்கிறேன். இடது ஓரம் மூடமாட்டேன் என்கிறது. கண்டுபிடித்துவிட்டாய், கெட்டிக்காரன், சந்தோஷமா?

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது மேனேஜர்தான். ரத்தத்தைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? "மேடம், இத வெளிய சொல்லிக்காதீங்க, அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு." ஒரு துணி கொடுக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதமே சுற்றறிக்கை. காற்று வாத்தியத்துக்கு மட்டும். யார் வாய் உடைந்தது என்று தெரிந்த ஒரே ஆள் எழுதிய சுற்றறிக்கை.

பல் டாக்டர் சொல்வது, மீதியைப் பிடுங்க வேண்டும், எலும்பு ஆற வேண்டும், புதுப்பல் வைக்க வேண்டும். ஐந்து மாதம் கிளாரினெட்டைத் தொடக் கூடாது. பிறகு பழையபடி வாசிக்கலாமாம். ஐந்து மாதம் என் நாற்காலி எனக்காகக் காத்திருக்குமா? இப்போதே பதிவைக் கொடுத்து, இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு ஏதாவது காரணம் சொல்லி லீவு எடுக்கலாம் என்று இருந்தேன். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் போனில் ஒரு வார்த்தை பேசினால் போதும், நீ கண்டுபிடித்துவிடுவாய். பிறகு ஊரைக் கூட்டுவாய்.

தெரிந்துவிட்டது அல்லவா, இனி ஒன்று செய். நாலாவது பதிவிலிருந்து அந்தக் காற்றை வெட்டிக் கொடு. நடிகர்களுக்கெல்லாம் வெட்டுகிறாய், கூடப் பிறந்தவளுக்கு வெட்டமாட்டாயா?

அக்கா.

மார்ச் 29

அக்கா,

வெட்டமாட்டேன்.

முதல் காரணம், வெட்டினால் காற்றோடு உன் பளபளப்பும் போய்விடும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது. கம்பளிக்குள் படுத்து வாசிக்கிறேன் என்று மறுபடி என்னைத்தான் திட்டுவாய்.

இரண்டாவது காரணம்தான் பெரிசு. நேற்று அதே பதிவை ஸ்டுடியோ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்து, நடைபாதையின் கடைசி வரை நடந்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் புஸ் புஸ். நாலு எட்டு வைத்தேன், குறைந்தது. கடைசியில் போய் நின்றால் வெறும் கிளாரினெட். உன் கிளாரினெட். அங்கே நின்று கொஞ்சம் அழுதேன், அது வேறு கதை. காற்று தூரம் போகாது அக்கா. ஸ்வரம்தான் போகும். உன் வாய்க்கு ஓர் அடியில் எவனாவது டிக்கெட் வாங்கி உட்காரப்போகிறானா? இல்லாத ரசிகனுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள், நாமும் மூன்று மாதமாக அவனைத் திருப்திப்படுத்த மைக் தேடிக்கொண்டிருக்கிறோம். நானும் ஒரு மடையன். மைக் எது என்றே யோசித்தேன், அது யார் காது என்று யோசிக்கவில்லை.

இனி என் கோபத்தைக் கேள். உடைந்த படியை வைத்திருந்தது அவர்கள். விழுந்தது நீ. ஒளிந்துகொண்டிருப்பது யார்? நீ! அந்த ஆளைத் திட்ட வேண்டிய திட்டையெல்லாம் மைக்கைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். என் மைக் என்ன பாவம் செய்தது? கேட்டதைச் சொன்னது, அவ்வளவுதான்.

இரண்டு மைக்கும் உன்னிடமே இருக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர நான் யார், ஆனால் ஒளியாதே.

தம்பி.

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். நிஜமாகவே நலம். குட்டி எப்படி இருக்கிறாள்? உன் மனைவிக்கு டிரம் விஷயத்தை நான் மறக்கவில்லை என்று சொல்.

கடைசி நாளன்று பதிவு எதையும் கொண்டுபோகவில்லை. கிளாரினெட், உன் இரண்டு மைக், பதிவுப் பெட்டி, உன் மாமா, இவ்வளவோடு போனேன். கமிட்டி மூன்று பேரும் மேனேஜர் அறையில் இருந்தார்கள். "வீட்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வரணும்னுதானே மேடம் ரூல்" என்று அவன் தொடங்கினான். "சரி சார், கூடத்துக்கு வாங்க, அஞ்சு நிமிஷம்" என்றேன். என் "ச"வைக் கேட்டு ஒருத்தர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அவர்களைப் பத்தாவது வரிசையில் உட்கார வைத்தேன். ஒரு மைக்கை அவர்கள் பக்கத்து நாற்காலியில் கட்டினார் உன் மாமா. இன்னொன்றை எனக்கு ஓர் அடியில், சுற்றறிக்கைப்படி. வாசித்தேன். வலித்தது. முழுசாக வாசித்தேன்.

பிறகு இரண்டு பதிவையும் கூடத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். ஓர் அடி மைக்கை முதலில் போட்டேன். புஸ்ஸும் டக்கும் எச்சில் சத்தமும் கூடம் முழுக்க. எனக்குக் காது மடல் எரிந்தது, ஆனால் நிறுத்தவில்லை. பிறகு பத்தாவது வரிசை மைக். அதில் நான் மட்டும் இருந்தேன். பாதியிலேயே நடுவில் உட்கார்ந்திருந்த கமிட்டி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நீங்க எந்த வரிசைக்கு டிக்கெட் விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் காத்து எதனால மேடம் வருது?" என்றார் அந்த அம்மா, மெதுவாக. மேனேஜர் எழுந்து, "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றான். நான் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன். "இது உங்க மூணாவது படி" என்றேன்.

விழுந்த நாள், அவன் சொன்ன பேச்சு, கொடுக்காத தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு "ச" விடாமல் விசிலோடு. உன் மாமா நடுவில் ஒரே ஒரு தடவை பேசினார். "துணிகூட குடுக்கலீங்க" என்றார்.

ஐந்து மாதமும் நாற்காலி என்னுடையது என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது கிளாரினெட் அதுவரை பார்த்துக்கொள்வான். சுற்றறிக்கை "பரிசீலனையில்" இருக்கிறதாம். நேற்றுப் போய்ப் பார்த்தேன், படியில் பலகை மாட்டியிருக்கிறார்கள். "கவனமாக இறங்கவும்" என்று எழுதி! படியைச் சரிசெய்யவில்லையடா, பலகை மாட்டியிருக்கிறார்கள்! பல் முளைத்ததும் அவர்களுக்கு இருக்கிறது.

மைக்குகளைத் திருப்பி அனுப்புகிறேன். ஓர் அடிக்காரனையும் நன்றாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். அவன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

வியாழக்கிழமை பல்லைப் பிடுங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். மாமா எடுக்கமாட்டார், நானேதான். முன்பல் இல்லாமல் நிறையப் பேசுவேன், மூன்று மாதத்துத் திட்டு மிச்சம் இருக்கிறது. நீ ஒரு "ச"வையும் வெட்டாமல் கேட்டுக்கொண்டிரு.

உன் அக்கா.